ஹெல்மெட்டுக்கு வைத்த பொட்டு

வழக்குச் சொத்துகள் வைக்கும் அறையிலிருந்து அந்த ஹெல்மெட்டை எடுத்துவர ஆள் கிடைக்கவில்லை. அதே அறையில் ரத்தக்கறை படிந்த அரிவாள்கள் கிடக்கின்றன. ஒரு குடும்பத்துக்கே விஷம் கலந்து கொடுத்த செம்பு கிடக்கிறது. அதையெல்லாம் கீரைக்கட்டு எடுப்பதுபோல எடுத்துவரும் எங்கள் ஏட்டு ஆறுக்குட்டி இதற்கு மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“அது பைக்குள்ள என்னமோ மெல்லுதுங்க வக்கீலம்மா. நீங்களே வந்து காது குடுத்துக் கேளுங்க.”

கேட்டேன். உண்மைதான். சீல் வைத்த துணிப்பைக்குள் மெதுவாக ஒரு சத்தம், இறுகுவதும் தளர்வதுமாக. ஜன்னல் வெயில் பட்டால் தானாகவே சார்ஜ் ஏறிக்கொள்ளும் சாதனம் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை பின்னால்தான் போனது. பல மாதங்களாக அந்தப் பைக்குள் தலை எதுவும் இல்லை. ஆனாலும் அது யாரோ ஒருவருடைய தலையைப் பிடித்து இடது பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்தது.

கடல் தாண்டிய ஒரு நகரத்தின் தீயணைப்புப் படை பயன்படுத்தி முடித்து, ஓர் அறக்கட்டளை மூலமாக எங்கள் கரட்டுப்பாளையம் மில்லின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்குத் தானமாக அனுப்பிய ஹெல்மெட்டுகளில் அது ஒன்று. தீக்குள் போகிறவனுக்குப் புகையில் கண் தெரியாது, இரைச்சலில் காதும் கேட்காது. அதனால் இந்த ஹெல்மெட் பேசுவதில்லை. அதன் நெற்றியில் இருக்கும் லென்ஸ் புகையைத் துளைத்துப் பார்க்கும். உள்ளே காதோரங்களிலும் பிடரியிலும் மெத்தென்று பட்டைகள் உண்டு. இடது பக்கம் போக வேண்டுமென்றால் தலையை இடப்பக்கம் திருப்பும். நட என்றால் பிடரியில் தள்ளும். நில் என்றால் இரண்டு காதோரமும் இறுகும். போட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: யாரோ பின்னால் நின்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட சாமான்களை யாரும் தானம் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தது பழுதாகி ஆள் செத்தால் கொடுத்தவன் மேல் கேஸ் வரும். அந்தப் பயத்தில் நன்றாக ஓடுகிற தீயணைப்பு வண்டியைக்கூட உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பிறகு மீட்புக் கொடைச் சட்டம் வந்தது. தானம் வந்து குவிந்தது. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். அதை என் கட்சிக்காரர் நாச்சிமுத்துவுக்கு விளக்கிச் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாச்சிமுத்து மில்லில் ஃபிட்டர், தீயணைப்புக் குழுவுக்குத் தலைவர். ஹெல்மெட்டுகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர். ஆகவே வழக்கில் முதல் எதிரி. தானம் கொடுத்த அறக்கட்டளை இரண்டாம் எதிரி.

“கொடுத்தவங்க, பழுது இருக்குன்னு தெரிஞ்சே மறைச்சிருந்தா அவங்க உள்ள போகணும்” என்றேன். “வாங்கினவங்க சாமானைக் கெடுத்திருந்தா வாங்கினவங்க உள்ள போகணும். ரெண்டும் இல்லேன்னா யாரும் போக வேண்டியதில்லை. அவ்வளவுதான் சட்டம்.”

“நாங்க ஒண்ணும் கெடுக்கலீங்களே வக்கீலம்மா.”

“பொட்டு வெச்சீங்களே.”

அவர் தலை குனிந்தார்.

எங்கள் பக்கம் மில்களில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. நூற்பு மெஷினில் ஆரம்பித்து முதலாளி கார், எடைத் தராசு, ஸ்பேனர், கம்ப்யூட்டர், கேன்டீன் இட்லிக் குண்டா வரை கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவோம். நெற்றி என்று ஒன்று இருக்கிற பொருளுக்கு எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கப் போவதில்லை. ஹெல்மெட்டுகளை வாழையிலையில் வரிசையாக வைத்து, நெற்றிக்கு நடுவில், அந்த லென்ஸ் மேலேயே, சந்தனத்தைக் கட்டியாகக் குழைத்து அப்பி அதன் மேல் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பொரிகடலை கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் துடைத்தார்கள். ஆனால் லென்ஸின் விளிம்பில் இறங்கிக் காய்ந்த சந்தனம் போகவில்லை. அது தடயவியல் அறிக்கையில் வண்ணப் படமாகவே வந்துவிட்டது.

பூஜை முடிந்து சில வாரம் கழித்து, மில்லின் வேஸ்ட் காட்டன் குடோன் பற்றியது. கழிவுப் பஞ்சு பற்றினால் சுடரைவிடப் புகைதான் அதிகம். குழுவில் இருந்த சென்னியப்பன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய், சிக்கியிருந்த ஒரு பெண்ணை வெளியே தள்ளிவிட்டான். இன்னொருத்தியும் உள்ளே இருக்கிறாள் என்று யாரோ கத்தினார்கள். மறுபடி ஓடினான். அந்த இன்னொருத்தி அப்போது தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று இருமிக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பனைப் பிறகு கண்டெடுத்தது குடோனின் இடது பக்கச் சுவரோரம். சுவரைப் பார்த்து மண்டியிட்டிருந்தான். ஹெல்மெட்டின் முன்பக்கம் நசுங்கியிருந்தது, லென்ஸ் மட்டும் உடையவில்லை. சுவரில் நெற்றி உயரத்தில் பூச்சு பெயர்ந்திருந்தது. குடோன் நடுவிலிருந்து நேர் எதிரே ஷட்டர் முழுசாகத் திறந்து கிடந்தது. நேராக நடந்திருந்தால் வெளியே வந்திருப்பான். ஹெல்மெட்தான் அவனைச் சுவருக்குக் கூட்டிப் போய் முட்டி முட்டிக் கொன்றுவிட்டது என்று ஊரே முடிவுசெய்துவிட்டது. எங்கோ வேற்று நாட்டில் செத்தவனுடைய ஆவி அதில் ஏறிக்கொண்டு வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அறக்கட்டளைக்காகச் சென்னையிலிருந்து வந்த வக்கீல் ஸ்ரீவத்ஸன் ஆவியை நம்புகிறவர் இல்லை. அவர் வாதம் எளிமையானது: பொட்டு வைத்துச் சாதனத்தின் கண்ணைக் குருடாக்கினார்கள், குருட்டுச் சாதனம் சுவரில் முட்டியது. ஆகவே வாங்கியவர் பொறுப்பு.

“பொட்டு வெச்சது நாந்தானுங்க” என்றார் நாச்சிமுத்து. “ஒத்துக்கறேனுங்க. என்ன தண்டனையோ குடுத்துரட்டும். கேஸ இழுக்க வேண்டாமுங்க.”

அது பொய் என்று எனக்கு அடுத்த வாரமே தெரிந்தது. சென்னியப்பனின் மனைவி கோகிலவாணி என் ஆபீசுக்கு வந்தாள். அவள் எதிர்த்தரப்புச் சாட்சி, நான் அவளிடம் பேசியிருக்கவே கூடாது. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

“பூஜைக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தாங்கக்கா. அவங்கவங்க ஊட்டுக்காரரு ஹெல்மெட்டுக்கு அவங்கவங்களையே வெக்கச் சொன்னாங்க. நான் முதல்ல அவரு நெத்தியில வெச்சேன். அப்பறம் ஹெல்மெட்டுக்கு வெச்சேன். நல்லா பெருசா வெக்கோணும்னு வெச்சேனுங்க.”

“நாச்சிமுத்து தான் வெச்சதா சொல்றாரே.”

“யாருகிட்டயும் சொல்லாத கண்ணு, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாருங்க அண்ணன். அது கண்ணுன்னு எனக்குத் தெரியாதுங்கக்கா. நெத்தின்னு நெனச்சுட்டேன். நான் அவரு கண்ண மூடிட்டனுங்களா?”

வாய் வலிக்கப் பேசுகிற பிழைப்பு என்னுடையது. அன்றைக்கு “தெரியலம்மா, பார்ப்போம்” என்று எதையோ முணுமுணுத்து அனுப்பிவைத்தேன். அவள் படியிறங்கிப் போன பிறகு எனக்கு இந்த வழக்கில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியமாகப்பட்டது. அந்தப் பொட்டு அவனைக் கொல்லவில்லை என்று நான் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் ஒன்று நாச்சிமுத்து ஜெயிலுக்குப் போவார், அல்லது இவள் கூண்டில் ஏறி உண்மையைச் சொல்லுவாள். ஜெயில் என்று பார்த்தால் இவள் ஏற்கெனவே அதில்தான் இருந்தாள்.

நாச்சிமுத்துமேல் எனக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. ஒரு பெண்ணுக்காகத் தன் தலையில் பழியைப் போட்டுக்கொள்கிற மனிதர். எனக்கு ஃபீஸ் கொடுத்து இந்த வழக்கை எடுக்கச் சொன்னது மில் முதலாளி சேனாபதி. ஒரு தொழிலாளிக்காக இவ்வளவு செய்கிறாரே என்று அவர்மேலும் நல்லெண்ணம் வந்தது. நல்லெண்ணம் வருகிற விஷயத்தில் நான் கொஞ்சம் ஏமாளி.

நான் கேட்டுக்கொண்டதன் பேரில் நீதிபதி சம்பவ இடத்திலேயே சோதனை செய்ய உத்தரவு போட்டார். எங்கள் நீதிபதி சின்ன வயதுப் பெண். எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்.

நல்ல வெயில் நேரத்தில் குடோனில் கூடினோம். கரி பிடித்த சுவர், நனைந்து காய்ந்த பஞ்சின் முடைநாற்றம். நீதிமன்றம் நியமித்த நிபுணர் நசீமா, பொறியியல் கல்லூரிப் பேராசிரியை, லென்ஸைக் கழற்றி விளிம்பில் இருந்த சந்தனத்தை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டித் துடைத்தார். கையில் இருந்த டேப்லெட்டில் ஹெல்மெட் பார்ப்பதை எல்லோருக்கும் காட்டினார். எதிர்ப்பக்கத்து ஷட்டர் வாசல் பளிச்சென்று தெரிந்தது. கல்யாண மேடைகளில் புகை கிளப்புகிற மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். அது சீறிக்கொண்டு குடோனை நிரப்பியது.

யார் போடுவது என்று கேள்வி வந்தது. ஆறுக்குட்டி ஷூ லேஸைக் கட்டக் குனிந்துவிட்டார்.

“எதிர்த்தரப்பு வக்கீல் மேடமே போட்டுப் பார்க்கட்டும்” என்றார் ஸ்ரீவத்ஸன் சிரித்துக்கொண்டே. “அப்புறம் நாங்க ஏதோ பண்ணிட்டோம்னு சொல்ல முடியாது பாருங்க.”

போட்டுக்கொண்டேன். உள்ளே இன்னும் கரி வாசனை இருந்தது, அதற்கடியில் தலைக்குத் தேய்த்த எண்ணெய் வாசனையும்.

புகைக்குள் நாலடி போனதும் எனக்கு என் கையே தெரியவில்லை. அப்போது காதோரங்களில் இரண்டு உள்ளங்கைகள் வந்து உட்கார்ந்தன. பட்டைகள்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் உள்ளங்கை போலத்தான் இருந்தது, வெதுவெதுப்பாக. கொஞ்ச தூரம் நேராக நடத்தியது. குடோன் நடுவில் தயங்கியது. ஒரு கை நேராகப் போகச் சொன்னது, இன்னொன்று வேண்டாமென்று இழுத்தது. தலைக்குள் இரண்டு பேர் சத்தமில்லாமல் சண்டை போட்டுக்கொள்வது போல இருந்தது. பிறகு என்னை இடது பக்கம் திருப்பியது. வேண்டுமென்றே கழுத்தை விறைத்துக்கொண்டேன். அது விடவில்லை. பிடரியில் தள்ளத் தொடங்கியது.

கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தேன். சுவர் தட்டியது. நின்றேன். அது நிற்கவில்லை. நெற்றி சுவரில் மோதியது. மறுபடி தள்ளியது, மறுபடி மோதியது. முரட்டுத்தனமாகத் தள்ளியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பள்ளிக்கூட வாசலில் நின்று அழுகிற பிள்ளையை, போ சாமி, உள்ளே போ என்று தள்ளுகிற தாயைப் போலத் தள்ளியது. எப்படியோ கொக்கியை அவிழ்த்துத் தலையிலிருந்து பிடுங்கினேன். என் முகம் நனைந்திருந்தது, எப்போது அழுதேன் என்று தெரியவில்லை.

புகை மெஷினை நிறுத்தினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே நான் கத்தினேன். “பார்த்தீங்களா? பொட்டும் இல்லை, சந்தனமும் இல்லை. லென்ஸ் சுத்தமா இருக்கு. இருந்தும் இடது பக்கம்தான் வந்துச்சு. பொட்டு காரணமே இல்லை!”

வாசலோரம் நின்ற கோகிலவாணியைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நாச்சிமுத்து என்னைப் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம் மேடம்” என்றார் நசீமா. ஹெல்மெட்டை வாங்கி டேப்லெட்டோடு இணைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“என்ன, வெளிநாட்டுக் கட்டடம் எதையாவது ஞாபகம் வெச்சிருக்கா?” என்று கேட்டார் நீதிபதி.

“இல்லைங்க மேடம். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். இந்த ஹெல்மெட்டுக்குப் பழக்கம்னு ஒண்ணு உண்டு. வண்டி மாட்டுக்குத் தடம் பழகுற மாதிரி. போட்டுக்கிறவர் புகைக்குள்ள எப்படி நடக்கிறார்னு பார்த்துக் கத்துக்கும். அவர் தன்னைவிடத் தெளிவா நடந்தார்னா, தன்னோட கணக்கை விட்டுட்டு அவரோட கணக்கை எடுத்துக்கும். இதுல இருக்கிற இந்த இடதுபக்கப் பழக்கம் பழசு இல்லை. புதுசு. இந்தக் குடோன்ல, அந்தத் தீயில வந்தது.”

“புரியலை.”

“அன்னிக்கு ஹெல்மெட் சரியாத்தான் சொல்லியிருக்கு, நேராப் போன்னு. சந்தனம் ஓரத்துல கொஞ்சம்தான் மறைச்சிருக்கு, வழி நல்லாவே தெரிஞ்சிருக்கு. அவர்தான் கேட்கலை. இடது பக்கம் திரும்பினார். இது வலது பக்கம் இழுத்தது. அவர் மறுபடி இடது பக்கம் போனார். சுவர்ல முட்டினப்புறமும் பின்வாங்கலை, மறுபடி மறுபடி அங்கேயே போனார். கடைசியில இது தோத்துப்போச்சு. இந்த மனுஷனுக்கு இங்க வழி தெரியும்னு ஒத்துக்கிச்சு.” நசீமாவின் குரல் தணிந்தது. “இப்ப உங்களைத் தள்ளினது மெஷினோட புத்தி இல்லைங்க. அவரோட புத்தி.”

முதலில் சுதாரித்தவர் ஸ்ரீவத்ஸன்தான்.

“அப்படின்னா தானம் கொடுத்தவங்க மேலயும் தப்பில்லை, வாங்கினவங்க மேலயும் தப்பில்லை. சாதனம் காட்டின வழியை இறந்தவர் மீறியிருக்கார். வருத்தமான விஷயம்தான். ஆனா அது அவரோட கவனக்குறைவு. ரெண்டு எதிரிகளையும் விடுவிச்சுடலாம், யுவர் ஆனர். மேடமும் ஒத்துப்பாங்கன்னு நினைக்கிறேன்.”

என் கட்சிக்காரர் விடுதலை. பொட்டும் விடுதலை. ஒரு வக்கீல் இதற்கு மேல் என்ன கேட்பாள்? நான் தலையாட்டினேன். பழி முழுவதும் எதிர்த்துப் பேச முடியாத ஒருவன் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது என்று உறைத்தது. உறைத்தும் தலையாட்டினேன்.

“அப்ப அவரு கிறுக்கனுங்களா?”

கோகிலவாணி உள்ளே வந்திருந்தாள்.

“ஷட்டரு தொறந்து கெடக்குது, மெசினு வழி காட்டுது. அதையெல்லாம் உட்டுப்போட்டுச் செவுத்துல போயி முட்டறதுக்கு அவரு என்ன கிறுக்கனுங்களா? பதினஞ்சு வயசுல இருந்து இந்தக் குடோன்ல மூட்ட தூக்குனவருங்க.” சுவரின் கிட்டே போய் மேலும் கீழும் பார்த்தாள். “இது எந்தப் பக்கமுங்க? ஆமணக்குக் காட்டுப் பக்கமுங்களா?”

ஆறுக்குட்டி ஆமென்று தலையாட்டினார்.

“ஆமணக்குக் காட்டுப் பக்கம்னா இங்க ஒரு கதவு இருக்கோணுமுங்களே.”

நீதிபதி திரும்பினார். “என்ன கதவு?”

“எனக்கு உள்பக்கம் தெரியாதுங்க. இன்னிக்குத்தான் முதத்தடவ வாரேன். ஆனா வெளிய தெரியுமுங்க. கலியாணத்துக்கு முன்னால நான் அந்தக் காட்டுலதான் வேலைக்குப் போவேன். டீ டைம்ல அவரு பின்கதவு வழியாத்தானுங்க என்னையப் பாக்க வருவாரு. கண்ணக் கட்டி உட்டாலும் அந்தக் கதவுக்கு வந்துருவேன்னு சொல்லுவாருங்க.”

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். வெறும் சுவர். கரி படிந்து, பக்கத்துச் சுவர் போலவேதான் இருந்தது. போலீஸ் வரைந்த வரைபடத்தில் கதவு இல்லை. மில்லில் இப்போது வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள். அவர்களுக்கு என்ன தெரியும்? பழைய சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். அவர் திடீரென்று போனில் மும்முரமாகிவிட்டார்.

“இங்க கதவு இருந்ததா? யாருக்காவது தெரியுமா?” என்று நீதிபதி பொதுவாகக் கேட்டார்.

என் பக்கத்தில் நின்ற நாச்சிமுத்து ஓரடி முன்னால் வைத்தார். எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அவர் முழங்கையை இறுகப் பிடித்தேன்.

“பேசாதீங்க” என்றேன் காதோரம். “கேஸ் முடிஞ்சுபோச்சு. வாயைத் தொறக்காம இருந்தா ஊட்டுக்குப் போயிரலாம்.”

சொன்னது நான்தான். அதை மறைக்கப் போவதில்லை. அது என் தொழில். அவர் அந்த வழக்கில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“பொட்டுக்கு ஒத்துக்கிட்டதும் நீங்க என்னைய நல்லவன்னு நெனச்சுட்டீங்க வக்கீலம்மா. நானும் அப்படியே இருந்துக்கலாம்னு பாத்தேனுங்க.” என் கையை மெதுவாக விலக்கிவிட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “கதவு இருந்துச்சுங்கம்மா. நாந்தானுங்க அடைச்சேன்.”

ராத்திரியில் அந்தக் கதவு வழியாகப் பஞ்சுப் பொதி திருட்டுப் போனது. அடைத்துவிடு என்று முதலாளி வாய்வார்த்தையாகச் சொன்னார். பொங்கல் லீவில் மில் மூடியிருந்தபோது நாச்சிமுத்து தன் கையாலேயே கல் வைத்து, பூசி, சுண்ணாம்பும் அடித்தார். வெளியே தெரிந்தால் தீயணைப்பு லைசென்ஸ் போகும், மில் நிற்கும், அத்தனை பேர் வேலையும் போகும். அப்போது சென்னியப்பன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தான். ஊருக்குத் திரும்பி வந்தது ஆடிக்குப் பிறகுதான், அப்புறம் அவனுக்கு வேலை நூற்புப் பிரிவில், குடோனில் இல்லை.

“எத்தனை தடவ ஒத்திகை பாத்திருப்போமுங்க! எல்லாம் முன்வாசல்லயே பாத்தோம். இந்தப் பக்கம் ஒருத்தனையும் நான் கூட்டியாரலீங்க. கூட்டியாந்தா, கதவு எங்கண்ணான்னு கேப்பானுங்க.” அவர் அழவில்லை. தண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கியது. “அவன இந்தச் செவுத்தோரம் இருந்து தூக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. இருட்டுல அவன் இந்தக் கதவத் தேடியிருக்கறான். நான் அவனுக்கு மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாமுங்க.”

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளை விடுவிக்கப்பட்டது, அது நியாயமும்கூட. நாச்சிமுத்துவுக்குத் தண்டனை கிடைத்தது, அவர் அப்பீல் செய்ய மறுத்துவிட்டார். சேனாபதி முதலாளி தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். அவர் கொடுத்த ஃபீஸைத் திருப்பி அனுப்பிவிட்டு, கோகிலவாணிக்காக அவர்மேல் நான் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் அந்தக் குடோனில் அப்போது சட்டத்தைப் பற்றி யாருக்கும் நினைப்பு இல்லை.

கோகிலவாணி நாச்சிமுத்துவைத் திட்டவில்லை. அவரைப் பார்க்கவே இல்லை. நேராக நசீமாவிடம் போய் ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். அது அவளுக்குப் பெரிது. பட்டைகள் விரிந்து அவள் தலையைத் தேடிப் பிடித்துக்கொண்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவளைத் திருப்பியது. சுவர் வரை நடத்தியது. அவள் இரண்டு கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டாள்.

“இன்னும் தள்ளுறாருங்க” என்றாள்.

நீதிபதி சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “இடிங்க” என்றார். “என் முன்னாலயே இடிங்க. நான் பதிவு பண்ணிக்கிறேன்.”

ஆறுக்குட்டி மில்லிலிருந்து ஒரு சம்மட்டி எடுத்துவந்து ஓங்கப் போனார். அதற்குள் நாச்சிமுத்து அதைக் கையில் வாங்கிவிட்டார். கோகிலவாணியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு அடித்தார். அது உள்ளே கூடான வெறும் ஹாலோ பிளாக் கல், பூச்சுக்குப் பின்னால் சீக்கிரமே உதிர்ந்தது. முதலில் ஒரு விரல் அளவுக்கு வெயில் வந்தது. பிறகு கை அளவுக்கு. பிறகு ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்கு வழி வந்தது. உள்ளே பழைய மரநிலை அப்படியே இருந்தது.

அவள் குனிந்து அதைத் தாண்டினாள். ஹெல்மெட் நிற்கும், இத்தோடு விட்டுவிடும் என்று நான் நினைத்தேன். அது விடவில்லை.

ஆமணக்குக் காடு இப்போது இல்லை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அவள் தலை வலப்பக்கம் திரும்பியது. ஒரு முள்ளும் கிழிக்காமல், ஒரு கல்லிலும் இடறாமல், புதருக்குள் வளைந்து வளைந்து போனாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம், என் புடவை கிழிந்தது.

“இது எப்படி?” நசீமா டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். “சுவருக்கு அந்தாண்டை இதுக்கு எந்தப் பழக்கமும் கிடையாது மேடம். அவர் இதைப் போட்டுக்கிட்டு வெளிய வரவே இல்லையே.”

“அவளுக்கு வழி தெரியும். அவ நடக்கிறா, அது கத்துக்குது. அப்படித்தானே?” என்றேன்.

“இருக்கலாம்.” நசீமா திரையை என் பக்கம் திருப்பினார். அதில் அடுத்தடுத்துப் பாய்ந்த கோடுகள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. “ஆனா ஒவ்வொரு திருப்பத்துலயும் ஹெல்மெட்தான் முதல்ல திரும்புது. அவங்க அப்புறம்தான் திரும்புறாங்க.”

கூரை விழுந்த ஒரு பழைய மோட்டார் ரூமின் பின்சுவரோரம் கோகிலவாணி நின்றாள். இரண்டு காதோரப் பட்டைகளும் மெதுவாக இறுகின, நில் என்பதுபோல. பிறகு ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. டேப்லெட்டில் கோடு சமமாகிவிட்டது. நசீமா எவ்வளவு தட்டியும் அது மறுபடி எழவில்லை.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதை மாட்டியபடியே திரும்பி, நாங்கள் வந்த வழியைப் பார்த்தாள்.

“இங்கதானுங்க நான் நிப்பேன்” என்றாள்.